இம்மி மாறாத மிஷின்

தென்காசிக்கு மேற்கே, சாரல் விழுகிற பக்கமாக, ஒத்தப்புளி என்று ஓர் ஊர் உண்டு. அந்த ஊர்க்காரர்களுக்கு மூளை கிடையாது என்று பக்கத்து ஊரில் சொல்வார்கள். அது அபாண்டம். இருக்கிறது. புழங்கினால் தேய்ந்துபோகும் என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்க் கோமதிநாயகத்துக்கு ஒரே கவலை. மகள் செண்பகாவைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். சாரல் காலத்தில் அவர் வீட்டுச் சிமெண்டு வாசல் முழுக்கப் பாசி படர்ந்துவிடும். போன வருஷம் பெண் பார்க்க வந்த வேறொரு மாப்பிள்ளையின் அத்தை, கேட்டுக்குள் கால் வைத்ததும் வழுக்கி, உட்கார்ந்தபடியே முருங்கை மரம்வரை போய்ச் சேர்ந்தார். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. அதற்கப்புறம்தான் தண்ணீரைப் பீய்ச்சியடித்துப் பாசியைப் பெயர்க்கிற பிரஷர் வாஷர் ஒன்றை வாங்கினார். அதுவும் இப்போது நேரம் பார்த்து, 'கொர்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. இந்தச் சம்பந்தமும் போய்விட்டால் மகள் முகத்தில் எப்படி முழிப்பது என்று அவர் புலம்பினார்.

"வேற வாங்கிட்டு வாங்க," என்றாள் மனைவி உலகம்மாள். "கண்டதையும் தூக்கிட்டு வந்துராதீய. பழச கையோட கொண்டுபோயி, அதே மாதிரி, இம்மி மாறாம வாங்கிட்டு வரணும்."

மனைவி சொன்னதைச் சொன்னபடி செய்வது கோமதிநாயகத்தின் வழக்கம். துணைக்குத் தம்பி குற்றாலமும் மச்சினன் ஆவுடையப்பனும் கிளம்பினார்கள். கையோடு கொண்டுபோகச் சொல்லியிருந்ததால், ஆட்டோவில் இடம் இருந்தும் மிஷினைக் கீழே வைக்காமல் மூவரும் கையிலேயே ஏந்திக்கொண்டு போனார்கள்.

டவுனில் மின்சாமான் கடை வைத்திருந்தவர் ஞானதுரை அண்ணாச்சி. பழசைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதே கம்பெனி, அதே மாடல், புத்தம் புதுசாக ஒன்றை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார். ஐந்து நிமிஷத்தில் வியாபாரம் முடிந்துவிடும் என்றுதான் அவர் நினைத்தார். பாவம்.

குற்றாலம் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தான். அவன் முகம் சுருங்கியது.

"அண்ணே, இதுல ரெண்டு சக்கரம் இருக்கு."

பழசில் ஒன்றுதான். இடது பக்கத்துச் சக்கரம் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது கழன்று ஓடியது, இன்னும் திரும்பவில்லை. ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறார்கள் என்று அண்ணாச்சி சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஆவுடையப்பன் ஒயரைக் கடைசிவரை தடவிப் பார்த்துவிட்டு, எலி கடித்த இடத்தில் சுற்றியிருக்கும் கறுப்பு டேப் எங்கே என்று கேட்டான். ஹோஸ் மாட்டுகிற இடத்தில் இது ஒழுகுமா என்று கோமதிநாயகம் விசாரித்தார். ஒரு சொட்டு ஒழுகாது, நான் கியாரண்டி என்றார் அண்ணாச்சி.

"அப்ப சரிப்படாது," என்றார் கோமதிநாயகம்.

அண்ணாச்சி லேசில் விடுகிற ஆள் இல்லை. கடைவாசலில் வைத்தே மிஷினை ஓட்டிக் காட்டினார். வருஷக்கணக்கில் கறுத்துக் கிடந்த படி பளிச்சென்று வெள்ளையானது. மூவரும் பார்த்துவிட்டு, ஃபேன் வரிசைக்குப் பின்னால் போய்க் கலந்து பேசினார்கள்.

"நம்மது கொர்ருன்னு நின்னுரும். இது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு," என்றான் குற்றாலம்.

"எனக்கும் அதான் பயமா இருக்கு," என்றான் ஆவுடையப்பன். "ஏன் நிக்கலன்னு அக்கா கேட்டா என்னத்தச் சொல்லுதது, அத்தான்?"

பெரிசு, சிறிசு, சிவப்பு, மஞ்சள் என்று அண்ணாச்சி கடையில் இருந்ததையெல்லாம் இறக்கினார். எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு சக்கரம். எல்லாமே ஓடித் தொலைத்தன. கடைசியில் அவர், பழசை இங்கேயே போட்டுவிடுங்கள், விலையில் கழித்துக்கொள்கிறேன் என்றார். சரி என்று கொடுத்தார்கள். அதைப் பின்பக்க மூலையில் தள்ளிவிட்டு அண்ணாச்சி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அதுவரை ஒத்துப்பார்க்கவாவது ஒன்று கையில் இருந்தது. இப்போது அதுவும் போய், மூவரும் திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி நடுக்கடையில் நின்றார்கள். அப்போதுதான் குற்றாலத்தின் கண் அந்த மூலைக்குப் போனது.

"அண்ணே, அங்க பாருங்க."

ஒற்றைச் சக்கரம். ஒயரில் கறுப்பு டேப். கைப்பிடியில், உலகம்மாள் பழைய சேலையைக் கிழித்துக் கட்டியதைப் போலவே ஒரு நீலத் துணி. அடியில் கொஞ்சம் தண்ணீர்கூட ஒழுகியிருந்தது. கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அது அவர்கள் கொண்டுவந்த மிஷின்தான் என்று அண்ணாச்சி மன்றாடினார்.

"நாங்க கொண்டுவந்தத உங்ககிட்ட குடுத்தாச்சு," என்றார் கோமதிநாயகம் பொறுமையாக. "குடுத்தது எப்படி அண்ணாச்சி எங்களுதாகும்?"

அண்ணாச்சி அதை யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்க அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சும்மாவே எடுத்துக்கொண்டு போங்கள் என்று கும்பிட்டார். மூவரும் பதறிப்போனார்கள். சும்மா எடுத்துப்போனால் அது பழசு, காசு கொடுத்தால்தானே புதுசு. அவர் பையில் பணத்தைத் திணித்து, கியாரண்டி கார்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார்கள்.

வீட்டில் உலகம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குறை சொல்ல ஓர் இடம் அகப்படவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இன்றைக்குத்தான் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள் என்று புருஷனைப் பாராட்டினாள். அவருக்கு உச்சி குளிர்ந்தது. பிளக்கைச் செருகினார். மிஷின் 'கொர்' என்றது, நின்றது.

"சத்தங்கூட அதே சத்தம்," என்றாள் உலகம்மாள் சொக்கிப்போய்.

எல்லாம் சரிதான், பாசி அப்படியே கிடந்தது. மறுநாள் சாயங்காலம் அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கோமதிநாயகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. வாரியலால் கூட்டித் தேய்த்துவிடலாமா என்று குற்றாலம் கேட்டான். புது மிஷின் வாங்கி வைத்துக்கொண்டு வாரியலை எடுத்தால் மிஷினுக்கு என்ன மரியாதை என்று உலகம்மாள் அதட்டினாள். ஆவுடையப்பன்தான் வழி கண்டுபிடித்தான்.

"அத்தான், விழுததுல ஒரு கேவலமும் இல்ல. நிக்கிறவங்க முன்னால விழுததுதான் கேவலம். நாம முதல்லயே விழுந்து கெடந்தா?"

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்து நின்றபோது, பட்டுச் சேலையும் சரிகை வேட்டியுமாகக் குடும்பமே வாசலில் பாசிமேல் விழுந்து கிடந்தது. மாப்பிள்ளையின் அப்பா கேட்டுக்குள் கால் வைத்தார், வழுக்கினார், நேராகக் கோமதிநாயகத்தின் பக்கத்தில் வந்து நின்றார். நின்றார் என்றால் உட்கார்ந்தார்.

"வாங்க சம்பந்தி," என்றார் கோமதிநாயகம் எழுந்திருக்காமல்.

இந்த வீட்டு வழக்கம் இதுதான் போலிருக்கிறது என்று மற்றவர்களும் கேட்டருகில் பதனமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராக வழுக்கி வந்து சேர்ந்தார்கள். செண்பகா காபித் தட்டோடு படியில் உட்கார்ந்து, ஒரு சொட்டு சிந்தாமல் சபைக்கு நடுவே சறுக்கி வந்தாள். அவள் வந்து நிற்பதற்குள் மாப்பிள்ளை பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். கோமதிநாயகம் உட்கார்ந்த இடத்திலேயே கும்பிட்டார். அவர் மனசிலிருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது.

மாப்பிள்ளையின் அம்மா பாசியை ஆசையாகத் தடவிப் பார்த்தார். தங்கள் வாசல் கட்டாந்தரையாகக் கிடக்கிறதென்றும், இவ்வளவு பச்சையாக இதை எதை வைத்துப் பராமரிக்கிறீர்கள் என்றும் கேட்டார். உலகம்மாள் பெருமையோடு மிஷினைக் காட்டினாள்.

"அப்ப சீர்வரிசையில அதே மாதிரி ஒண்ணு வச்சிருங்க," என்றார் சம்பந்தியம்மாள். "ஒரு மாத்தமும் இருக்கக் கூடாது, பாத்துக்கிடுங்க."

திங்கட்கிழமை கடை திறக்கும்போதே மூவரும் மிஷினைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார்கள். அண்ணாச்சி புது மிஷின் ஒன்றை இறக்கினார், பிறகு ஸ்பேனரைத் தேடி எடுத்தார். கடையில் எலி உண்டா என்று ஆவுடையப்பன் விசாரித்தான்.

"எடது பக்கச் சக்கரம், அண்ணாச்சி," என்றார் கோமதிநாயகம் குனிந்து. "வலது கழண்டா சம்பந்தி வீட்ல கண்டுபிடிச்சிருவாக."