நூறு வேலியில் நூற்றெழுபது வேலி அறுவடை

அந்தக் காலத்தில் மருதவேலி நாட்டைக் கோதைவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. அவருடைய களஞ்சியத் தலைவர் வேம்படியாருக்கோ எந்நேரமும் ஒரே புத்தி: அடுத்தவனைக் கவிழ்ப்பது.

நாட்டின் விளைச்சல் கணக்கை எழுதுபவர் பொன்னம்பி. அவரை ராஜா இரண்டு தடவை பாராட்டியதிலிருந்தே வேம்படியாருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலை, எரிந்த வயிற்றில் முட்ட முட்டப் பொங்கலைப் போட்டுக்கொண்டு அவைக்கு வந்தார்.

“மகாராஜா! ஆலங்கரை ஊரில் இருக்கிற வயலின் பரப்பே நூறு வேலி. இந்த ஆள் நூற்றெழுபது வேலி அறுவடை என்று எழுதியிருக்கிறான். மிச்சம் எழுபது வேலி ஆகாயத்திலா விளைந்தது?”

ராஜாவின் முகம் சிவந்தது. “பொய்க்கணக்கா? இன்றைக்கே விளக்கம் சொல். இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போ!”

பொன்னம்பி எழுதியது சரிதான். முதல் போகமான குறுவையை அறுத்த வயல்களில் எழுபது வேலியில் மறுபடி நட்டு, இரண்டாம் போகமான தாளடியும் அறுத்திருந்தார்கள். வயல் பக்கமே போகாதவர்களுக்கு அதை எப்படிப் புரியவைப்பது? அப்போது வேம்படியார் பெரிதாய் ஓர் ஏப்பம் விட்டார். பொன்னம்பிக்கு ஒரு யோசனை வந்தது.

“மத்தியானப் பந்தியில் பதில் சொல்கிறேன், மகாராஜா. களஞ்சியத் தலைவருக்கு மட்டும் அவர் கணக்குப்படியே இலை போட உத்தரவு வேண்டும்.”

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். சரியென்று தலையாட்டினார்.

பந்தியில் எல்லோருக்கும் இலை விழுந்தது, வேம்படியாருக்கு மட்டும் விழவில்லை. முருங்கைக்காய்க் குழம்பு அவரைத் தாண்டிப் போனது.

“என் இலை எங்கேய்யா?”

“ஐயா காலையில் பொங்கல் சாப்பிட்டாயிற்றே,” என்றார் பொன்னம்பி பணிவாக. “இருப்பது ஒரு வாய். ஒரு வாய்க்கு ஒரு சாப்பாடுதானே கணக்கு?”

“வாய் ஒண்ணுதான், அதுக்காக? அது காலைச் சாப்பாடு, இது மத்தியானச் சாப்பாடு! தனித்தனியாத்தான் எண்ணணும்!”

“அதைத்தான் நானும் செய்தேன் ஐயா. எழுபது வேலியில் இரண்டு தடவை அறுத்தார்கள். வயலை ஒருமுறை எண்ணினேன். அறுவடையை, அறுத்த தடவையெல்லாம் எண்ணினேன்.”

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “இனி நாடெங்கும் இதுதான் முறை. வயலுக்கு ஓர் ஓலை, அறுவடைக்கு ஓர் ஓலை!” தன் பட்டுச் சால்வையை எடுத்துப் பொன்னம்பிக்குப் போர்த்தினார். “அதுசரி, கதிர் முற்றுமுன் மாட்டுக்கு அறுத்துப் போடுகிற சோளம் எந்தக் கணக்கில் வரும்?”

“அது தானியத்தில் சேராது மகாராஜா. தீவனத்தில் எழுதுவோம்.”

“அப்படியானால் வேம்படியார் சொன்ன குற்றத்தையும் அங்கேயே எழுது. அதுவும் முற்றுமுன் அறுத்ததுதான்!”

பந்தியே சிரித்தது. பிறகு வேம்படியாருக்கும் இலை போட்டார்கள். அவர் தலை நிமிரவேயில்லை, ஆனால் மறுசோறு மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கினார்.