நெய்ப்பொங்கல் தின்ற குதிரை

முன்னொரு காலத்தில், தன் குதிரைக்கு நெய்ப்பொங்கல் ஊட்டிய ராஜா ஒருவர் இருந்தார், கேளுங்கள். போர்க்களத்தில் அவர் உயிரைக் காத்த குதிரை அது, பெயர் புயலேறு. அந்த அன்பு முற்றிப்போய் மனிதர் ஓர் ஆணை போட்டுவிட்டார்: "என் வாய்க்குப் போகாத எதுவும் புயலேற்றின் வாய்க்குப் போகக் கூடாது. மீறினால் தலை போகும்!"

ஆறு மாதமாகப் பொங்கல், பாயசம், அதிரசம். குதிரையின் பிடரி தடித்து மேடு தட்டியது. ராஜாவுக்கு ஒரே பூரிப்பு. ஒருநாள் காலை லாயத்துக்குப் போனவர் திடுக்கிட்டு நின்றார். புயலேறு முன்னங்கால்களை ஊன்ற முடியாமல், உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. குளம்பைத் தொட்டார், அனலாய்ச் சுட்டது.

"விகடகவி ஏகாம்பன் குதிரைக்காரர் வீட்டுப் பிள்ளை, அரசே. அவனே குணப்படுத்தட்டும்" என்றார் மந்திரி அனந்தகீர்த்தி. ஏகாம்பனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். "ஆனால் தங்கள் ஆணையை மீறாமல்!"

"குதிரை பிழைக்காவிட்டால் உன் தலை தப்பாது, ஏகாம்பா" என்றார் ராஜா.

ஏகாம்பன் குளம்பைத் தடவிப் பார்த்தான். "இன்று மதியம் தாங்கள் உணவருந்தும்போது மருந்து தயாராக இருக்கும், அரசே."

மதியம் ராஜா இலைமுன் அமர்ந்தார். பரிமாறியிருந்ததை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சோறில்லை, கறியில்லை. தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த காய்ந்த புல் ஒரு கட்டு!

"என்ன துணிச்சலடா உனக்கு!" என்று மந்திரி அலறினார்.

"குதிரைக்கு இதுதான் மருந்து, அரசே. அதிலுள்ள இனிப்பெல்லாம் கரைந்துபோக ஊறவைத்த புல். தானியமும் வெல்லமும் மிஞ்சியதால்தான் குளம்பு உள்ளே வெந்து சுடுகிறது, அவை இனி அதன் பல்லில் படக் கூடாது. ஆனால் தங்கள் வாய்க்குப் போகாததைத் தந்தால் என் தலை போகும். தராவிட்டால் குதிரை போகும், பின்னாலேயே என் தலையும் போகும். ஆகவே முதலில் தாங்கள்..."

ராஜாவின் கை வாளுக்குப் போனது. அப்போது லாயத்திலிருந்து ஈனமாக ஒரு கனைப்பு கேட்டது. கை அப்படியே நின்றது. அவர் ஒரு பிடி புல்லை எடுத்து வாயில் போட்டு மென்றார். மந்திரிக்கு மயக்கமே வந்துவிட்டது.

"இதைத் தின்றால் நான் செத்தே போவேனடா!" ராஜாவின் கண்ணில் நீர் முட்டியது.

"ஆறு மாதமாகத் தங்கள் சாப்பாட்டைத் தின்ற அதற்கும் அப்படித்தானே, அரசே?"

உயிர் காத்த தோழனுக்குத் தன் கையாலேயே விஷம் ஊட்டியிருக்கிறோம் என்பது ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கேயே ஆணையை ரத்து செய்துவிட்டு, மிச்சப் புல்லைத் தானே அள்ளிக்கொண்டு லாயத்துக்கு ஓடினார்.

மெத்தென்ற மணலில் நின்று புல் தின்ற புயலேறு, சில மாதங்களில் வலியில்லாமல் நடந்தது. "என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"குதிரையின் பங்குப் பொங்கல் தினமும் மிச்சமாகுமே, அரசே. அதை என் வீட்டுக்கு அனுப்பினால் போதும்."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "தந்தேன்! ஆனால் மாதம் ஒருமுறை நம் மந்திரி வந்து உன் காலைத் தொட்டுப் பார்ப்பார். சுட்டால், அன்று முதல் உனக்கும் புல்தான்!"