செத்த ஆடு சொன்ன சாட்சி

ஒரு ஊர்ல ஒரு பஞ்சாலை இருந்துச்சு. வெள்ளைக்காரன் காலம். காலையில பூஊஊம்னு சங்கு ஊதும், ஊரே எந்திரிச்சு ஓடும். ராஜா கதையா கேட்ட? ராஜாவுக்குக் கதை சொல்ல ஆயிரம் பேர் இருக்கான். இது கூலிக்காரங்க கதை. ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

"ம்."

அந்த ஆலையில வேம்பு, நாகுன்னு ரெண்டு பொண்ணுங்க. பதினாறு வயசு. நாகு சேலை மெஷின் பெல்ட்டுல சிக்குச்சு, இழுக்கப்போன வேம்பும் போயிட்டா. முதலாளி அரை நாள் லீவு விட்டான். அவ்வளவுதான் அவன் துக்கம். ஆனா செத்தும் ரெண்டு பேரும் ஊரை விட்டுப் போகல. எங்க பொய் நடந்தாலும் அங்க போயித் துப்பறிவாங்க. ஆமா, துப்பறியற பேய்ங்க! செத்தவங்களத்தான் விசாரிப்பாங்க. செத்தவங்களுக்கு யாருகிட்ட என்ன பயம், பொய் சொல்ல?

"ம்..."

அப்புறம் ஆலையில வேலைநிறுத்தம் வந்துச்சு. நாப்பது நாள். தெருத்தெருவா அரிசி வசூல் பண்ணி, கஞ்சித் தொட்டி தொறந்து, வரிசையில வர்றவங்களுக்கு ஊத்துனாங்க. சங்கத்துச் செயலாளர் ஒரு இருபத்திரண்டு வயசுப் பய. பள்ளிக்கூடம் போகாதவன். நோட்டீஸப் படிச்சே படிச்சவன். நோட்டீஸ் எழுதுனான்னா முதலாளிக்குத் தூக்கம் போயிடும். அதுல பொய் இல்ல.

அவன் எழுதுவான், ஆபிரகாம்னு ஒருத்தர் ஒரு வீட்டுக்குள்ள ஒளிஞ்சு அச்சடிப்பாரு, தவமணிங்கற பொண்ணு பசை காய்ச்சுவா. அந்த வீடு மூணு பேருக்குத்தான் தெரியும். ஒரு நாள் தட தட தடன்னு போலீஸ் வந்துச்சு. அச்சு மெஷின் போச்சு. ஆபிரகாமுக்கு விலங்கு.

"யாரு காட்டிக் குடுத்தா?"

ஊரும் அதான் கேட்டுச்சு. தவமணியோட மாமன் ஆலையில மேஸ்திரி, முதலாளியோட ஆளு. அது போதாதா? "துரோகிக்குத் தொட்டியில கஞ்சி கிடையாது"ன்னு செயலாளர் சொல்லிட்டான். அப்புறம் அவளுக்கும் படுத்துக் கிடந்த அவ அம்மாவுக்கும் ரெண்டு நாள் பட்டினி. அவங்க வீட்டுப் பக்கம் ஒருத்தரும் போகல.

"பாவம்."

ம். பாவம்தான்.

அப்போ டக் டக் டக்னு ஆலை மெஷின் ஓடுற சத்தத்தோட வேம்பும் நாகுவும் செயலாளர் முன்னாடி வந்து நின்னாங்க. அவனுக்குப் பெருமை பிடிபடல. பேய்கூட என்னைத் தேடி வருதேன்னு நினைச்சான். "தவமணிதான்னு துப்புக் கொண்டாங்க"ன்னான்.

"தீர்ப்ப எழுதிட்டுத் துப்புக் கேக்குறியே, நீ என்ன ஜட்ஜ் துரையா?"ன்னு வேம்பு சிரிச்சா.

முதல்ல அச்சு வீட்டுக் கதவுல நசுங்கிச் செத்த பல்லிய விசாரிச்சாங்க. "ச்ச்ச்... தவமணி வருவா, பசை குடுப்பா, போயிடுவா. யாரையும் கூட்டிட்டு வரல"ன்னுச்சு.

அப்புறம் போலீஸ் டேசன்ல, செத்தும் பெஞ்ச விடாத ஏட்டையா. "அந்தப் பொண்ணு இங்க வரவே இல்லம்மா. செத்த ஆட்டத் தூக்கிட்டு ஒரு கிழவிதான் வந்தா. எவனோ விஷம் வச்சுட்டான்னு ஒரே அழுகை."

மூணாவதா அந்த ஆடு. "ம்மேஏஏ! எத்தனை சங்கத்து நோட்டீஸ் தின்னிருக்கேன். அரிசிப் பசை, தேனா இருக்கும். கடைசியா ஒட்டுன நோட்டீஸத் தின்னதும் வயிறு எரிஞ்சு, வாயெல்லாம் நீலமாச்சு. போலீஸ்காரன் என் வாயப் பாத்தான், செவுத்துல நீலப் பசையப் பாத்தான். கீழ பாத்தா, சொட்டு, சொட்டு, சொட்டுன்னு நீலம். அந்தச் சொட்டு பின்னாடியே அச்சு வீட்டுக்குப் போயிட்டான்."

"நீலம் எப்படி வந்துச்சு?"

மயில்துத்தம், கண்ணு. நீலமா கல்லு மாதிரி இருக்கும், விஷம். பூச்சி அரிக்காம இருக்க புத்தகம் பைண்டிங் பண்றவங்க பசையில துளியூண்டு போடுவாங்க. செயலாளர் கைநிறைய அள்ளிப் போட்டான். "வேணாம்ண்ணே, ஆடு மாடு செத்துடும்"னு தவமணி சொன்னா. "என் எழுத்த எந்த ஆடும் திங்கக் கூடாது"ன்னு சொல்லி, அச்சு வீட்டுலருந்து ஒழுகுற பசை வாளிய அவனே தூக்கிட்டு ஒட்டப் போனான். அவ்வளவு திமிரு.

"ம்."

மறுநாள் காலையில கஞ்சி வரிசை. தவமணி வெறும் தட்டோட வந்து நின்னா. கரண்டி பிடிச்சவர் செயலாளர் மூஞ்சியப் பாத்தாரு. வேம்பும் நாகுவும் அவன் பக்கத்துலயே நின்னு எல்லாத்தையும் சொன்னாங்க.

"ஊருக்கே கேக்குற மாதிரி நீங்களே சொல்லிடுங்க"ன்னான்.

நாகு சொன்னா: "எங்க குரல் எல்லாருக்கும் கேக்காது. தப்புப் பண்ணவன் காதுக்கு மட்டும்தான் கேக்கும். உன்னைத் தேடி ஏன் வந்தோம்னு நினைச்ச?"



"சொல்லு"ன்னா வேம்பு. அவன் தொண்டையச் செருமுனான்.

"சொல்லுடா." அவன் அண்டாவப் பாத்தான்.

"சொல்லப் போறியா இல்லியா?"

அப்போ அவன் கைய உயர்த்திச் சொன்னான்: "போனாப் போகுது. சின்னப் பொண்ணு. மன்னிச்சு விட்டுடலாம். ஊத்துங்க கஞ்சிய."

ஜனங்க கை தட்டுனாங்க, கண்ணு. எவ்வளவு பெரிய மனசுன்னு தட்டுனாங்க.

தவமணி தட்டைக் கவுத்துப் பிடிச்சா. "மன்னிப்புக் கஞ்சி எனக்கு இறங்காதுண்ணே"ன்னா. அன்னிக்கு மத்தியான ரயில்ல அம்மாவக் கூட்டிட்டுப் போயிட்டா. எந்த ஊருன்னு யாருக்கும் தெரியாது. அப்புறம் வேம்பும் நாகுவும் அவன்கிட்ட வரவே இல்ல. அவன் அதுக்கப்புறம் நூறு நோட்டீஸ் எழுதுனான். ஒண்ணுலகூட இத எழுதல.

"அப்போ... எப்பதான் தாத்தா அவரு உண்மையச் சொன்னாரு?"

இப்பத்தான் கண்ணு. உங்கிட்ட.

கதை இத்தோட சரி. போர்வைய இழுத்துக்க. தூங்கு.