இரண்டு முறை தொட்டது ஏன்?

கல்லத்திகுளம் ஜெபவீட்டில் பிரசங்கம் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் வட்டமாக உட்காருவார்கள். ஒருவர் வேதாகமத்தில் ஒரு பகுதியை வாசிப்பார். பிறகு பேச்சுதான். யாரும் எதையும் கேட்கலாம். தெரியாது என்று சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அந்த வீட்டை நடத்திவந்தவர் எப்சிபா. முன்பு நர்ஸாக இருந்தவர், ஐம்பதை நெருங்குகிற வயது. ஞானதிரவியம் அவரைவிட மிகவும் மூத்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் அவருக்கு எப்சிபாதான் குரு. 'அம்மா' என்று கூப்பிடுவார். எப்சிபா அவரை 'அண்ணாச்சி' என்பார்.

மனைவி இறந்த வருஷம் ஞானதிரவியம் முதல்முறையாக அந்தப் பாயில் வந்து உட்கார்ந்தார். கடவுள்மேல் தனக்கிருந்த கோபத்தையெல்லாம் கொட்டினார். எப்சிபா நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிவரை கேட்டார். அன்றிலிருந்து ஞானதிரவியம் ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை.

வட்டத்தில் முதல் கேள்வி எப்போதும் அவருடையதுதான். நல்ல கேள்வியாகவும் இருக்கும். மற்றவர்கள் அதை மெச்சுவார்கள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருக்குக் காது மங்கிக்கொண்டே வந்தது. முதல் கேள்வியை நாமே கேட்டுவிட்டால், பேச்சு எதைப் பற்றியது என்பதாவது தெரிந்திருக்கும். அதனால் கேட்டார். நீளமாகவும் பேசினார், பேசுகிறவரைக்கும் மற்றவர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. மீதி நேரம் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பார். முகங்கள் தன் பக்கம் திரும்பினால், "சரிதான், சரிதான்" என்பார்.

அவர் வேலை பார்த்த பள்ளியில் காது கேட்காத டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் செய்த கூத்தைப் பார்த்து ஆசிரியர் அறையே சிரிக்கும். ஞானதிரவியமும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பு எப்படியிருக்கும் என்று தெரிந்ததால்தான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வாசித்தது மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் ஒரு சின்னப் பகுதி. பெத்சாயிதா ஊரில் ஒரு குருடனை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். இயேசு அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போகிறார். கண்ணில் உமிழ்ந்து, அவன்மேல் கை வைக்கிறார். ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர்கள் நடக்கிறார்கள், ஆனால் மரங்கள் மாதிரித் தெரிகிறார்கள் என்கிறான் அவன். மறுபடியும் கண்களைத் தொடுகிறார். பிறகு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

ஞானதிரவியம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா, செத்தவனை எழுப்புன கை அது. ஒரு கண்ணைத் திறக்க ரெண்டு தடவை தொட வேண்டியிருந்ததா? முதல் தடவையே ஏன் சரியாகல?"

தையல்கடை பாக்கியசீலன், "அந்த ஆளுக்கு விசுவாசம் பத்தல சார், வேறென்ன?" என்றார்.

பால் சொசைட்டியில் வேலை பார்த்த சாராள் ஒப்புக்கொள்ளவில்லை. "அப்படியில்ல. இருட்டுலயே கிடந்த கண்ணு. சட்டுன்னு வெளிச்சம் பட்டா கூசாதா? அதான் கொஞ்சங்கொஞ்சமா."

பேச்சு சூடு பிடித்தது. ஞானதிரவியம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தலையாட்டினார்.

எல்லோரும் எழுந்தபோதுதான் எப்சிபா, "நல்ல கேள்வி. அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

மற்றவர்கள் போன பிறகு, எப்சிபா ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "அண்ணாச்சி, காப்பி போடவா, டீ போடவா?" என்று கேட்டார்.

"ரொம்பச் சரி அம்மா. நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார் ஞானதிரவியம்.

எப்சிபா திரும்பி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார்.

செவ்வாய்க்கிழமைகளில் ஜெபவீட்டிலிருந்து இரண்டு மூன்று பேர் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது வழக்கம். ஆளில்லாத நோயாளிகளின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேச்சுத்துணையாக இருந்துவிட்டு வருவார்கள். அந்த வாரம் எப்சிபாவும் ஞானதிரவியமும் போனார்கள். எப்சிபா பெண்கள் வார்டுக்குப் போக, ஞானதிரவியம் ஆண்கள் வார்டுக்குப் போனார்.

ஜன்னலோரக் கட்டிலில் மாடசாமி என்று ஒரு ஆள். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சர்க்கரை வியாதி. வலது பாதம் கறுத்துப்போயிருந்தது. அவன் மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள்.

ஞானதிரவியம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊர் விசாரித்தார், பிள்ளைகளை விசாரித்தார். வாகாகப் பேச்சு வந்தது. பிறகு மாடசாமி பேச ஆரம்பித்தான்.

தலைக்குமேல் மின்விசிறி கடகடவென்று ஓடியது. அவன் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, மெதுவாக, நீளமாகப் பேசினான். உதடு தெரியவில்லை. கண் மட்டும் தெரிந்தது, அது கலங்கியிருந்தது. கடைசி வாக்கியத்தில் குரல் மேலேறி நின்றது. அது ஒரு கேள்வி என்பதும், ஆமாம் என்று சொல்ல மாட்டாரா என்று அவன் காத்திருக்கிறான் என்பதும் ஞானதிரவியத்துக்குப் புரிந்தது. அதற்குமேல் ஒன்றும் புரியவில்லை.

"சரிதான் தம்பி" என்றார். "ரொம்பச் சரி. கர்த்தர் பாத்துக்குவார்."

மாடசாமியின் முகம் தெளிந்தது. கையெடுத்துக் கும்பிட்டான். ஞானதிரவியம் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு நிறைவாக எழுந்து வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் எப்சிபாவோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெண் ஓடிவந்தாள். மாடசாமியின் மனைவி இசக்கியம்மாள். கையில் மருந்துச் சீட்டும் பையும் அப்படியே இருந்தன.

"ஐயா, நீங்கதானா அது? ஆபரேசன் வேண்டாம், வீட்டுக்குப் போயிருன்னு நீங்கதான் சொன்னியளாம்லா?"

ஞானதிரவியம் விழித்தார்.

"அவுக துணிமணியெல்லாம் மூட்டை கட்டுதாக. பாதத்தை எடுக்கலேன்னா உசிருக்கே மோசம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் கெஞ்சிப் பாத்துட்டேன். ஜெபம் பண்ணுத சாரே சரின்னுட்டாரு, நீ யாருட்டீ சொல்லன்னு கேக்காக. ஏன் ஐயா அப்படிச் சொன்னீய?"

அவள் கத்தித்தான் பேசினாள். அவருக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஞானதிரவியத்தின் நாக்கில் மூன்று நான்கு பதில்கள் வந்து நின்றன. நான் அப்படிச் சொல்லவில்லை, அவன் தப்பாகப் புரிந்துகொண்டான். நான் சொன்னது வேறு விஷயம். எல்லாமே நம்பும்படியாகத்தான் இருந்தன.

எப்சிபா அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

"அண்ணாச்சி, அவர் உங்ககிட்ட என்ன கேட்டார்?"

பஸ் வந்தது. நின்றது. போயிற்று.

"தெரியாது அம்மா" என்றார் ஞானதிரவியம். "என் காதுல விழல. எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருஷமாச்சு."

யாரும் சிரிக்கவில்லை. இசக்கியம்மாள் வாயைப் பிளந்து நின்றாள். ஞானதிரவியம் திரும்பி, வார்டை நோக்கி வேகமாக நடந்தார்.

மாடசாமி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, போகாதீங்க" என்றார் ஞானதிரவியம். மூச்சு வாங்கியது. "நான் செவிடு. நீங்க சொன்னது ஒண்ணுமே எனக்குக் கேக்கல. கேக்காமலே தலையாட்டிட்டேன். பெரிய தப்பு. இப்ப சொல்லுங்க. துண்டை எடுத்துட்டு, சத்தமாச் சொல்லுங்க."

மாடசாமி அவரையே பார்த்தான். கோபம் வரும் என்று ஞானதிரவியம் எதிர்பார்த்தார். வந்தது.

"கேக்காமயா சரின்னீரு?"

"ஆமா."

"நான் என்ன சொன்னேன்னு தெரியாமயா?"

"ஆமா தம்பி."

மாடசாமி துண்டை எடுத்துக் கட்டிலில் போட்டான். வார்டே கேட்கும்படி சொன்னான்.

"காலு போயிட்டா ஆட்டோ ஓட்ட முடியாது. வீட்டோட கெடக்கணும். எம்பொண்டாட்டி எத்தனை வருசத்துக்குத் தூக்கிச் சொமப்பா? அவளுக்குப் பாரமாக் கெடக்கதுக்கு, ரெண்டு காலோட வீட்டுல போய்ச் செத்துட்டா கௌரவமாப் போயிரும். சரிதானே சார்னு கேட்டேன்."

பின்னாலேயே வந்திருந்த இசக்கியம்மாள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். அதை அவன் அவளிடம் சொன்னதே இல்லை. ஒரு செவிடனுக்குக் கேட்கவேண்டும் என்று சொன்னதில் அவளுக்கும் கேட்டுவிட்டது.

"இதையா வாய்க்குள்ள போட்டு மென்னுகிட்டு இருந்தீய?" என்றாள்.

மாடசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"டாக்டரு மேல நம்பிக்கை இல்ல, ஆபரேசனுக்குப் பயம்னுல்லா நினைச்சேன். பாரமாம், பாரம்! நான் எப்பம் சொன்னேன்?" அவள் மூட்டையைப் பிடுங்கினாள். முடிச்சை அவிழ்த்து, வேட்டியையும் சட்டையையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசைக்குள் திணித்தாள். கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. திணித்து முடித்ததும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி" என்றார் ஞானதிரவியம், "அதுக்கு என்னால சரின்னு சொல்ல முடியாது. கேட்டிருந்தா அப்பவும் சொல்லியிருக்க மாட்டேன்."

மாடசாமி அவரை நிமிர்ந்து பார்த்தான். "இப்பவாவது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு."

"அப்ப கொஞ்சம் இரும்" என்றான். "டாக்டரு வாற வரைக்கும் இரும்."

இருந்தார். டாக்டர் வந்தபோது மாடசாமி ஆபரேஷனுக்குச் சம்மதித்தான். வியாழக்கிழமை பாதத்தை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ஞானதிரவியம் போய்ப் பார்த்தபோது, அவன் இட்லி வேகவில்லை என்று மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். இவருக்குக் கேட்கட்டும் என்று அதை இன்னொரு முறை உரக்கச் சொன்னான்.

மறுநாள் சனிக்கிழமை. வட்டத்தில் வேறு ஒரு பகுதியை வாசித்தார்கள். ஞானதிரவியம் முதல் கேள்வியைக் கேட்கவில்லை. எழுந்து நின்று, "எனக்குக் காது சரியாக் கேக்காது. என்னைப் பாத்து, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்றார். சாராள் பாயை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாக்கியசீலன், "எனக்கு எப்பவும் சத்தமாத்தான் வரும், கவலைப்படாதீங்க சார்" என்றார். பேச்சு தொடர்ந்தது. அன்று ஞானதிரவியம் நான்கு இடத்தில் குறுக்கிட்டு, "அது கேக்கல, மறுபடி சொல்லுங்க" என்றார். மறுபடி சொன்னார்கள்.

எல்லோரும் போன பிறகு அவர் எப்சிபாவிடம் கேட்டார்.

"அம்மா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

எப்சிபா அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "சந்தேகம் இருந்துச்சு அண்ணாச்சி."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கணும். உங்க மனசு நோகுமேன்னு விட்டுட்டேன். விட்டுட்டு, உங்களை வார்டுக்கும் அனுப்பினேன். அது என் தப்பு. திங்கட்கிழமை காது டாக்டர்கிட்டப் போவோம். நானும் வாரேன்."

ஞானதிரவியம் தலையாட்டினார். பிறகு, தலையாட்டியது போதாது என்று நினைத்தவரைப்போல, "திங்கட்கிழமை. காது டாக்டர். கேட்டுச்சு" என்றார்.

இருவரும் சிரித்தார்கள்.

"ஆனா என் கேள்விக்குப் பதில் வரலையே அம்மா. பெத்சாயிதாக் குருடனுக்கு முதல் தடவையே ஏன் சரியாகல?"

"சரியாகலேன்னு நமக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் எப்சிபா.

"அவன்தான் சொன்னான்."

"யார்கிட்ட சொன்னான்?"

"தொட்டவர்கிட்டயே" என்றார் ஞானதிரவியம். "சரியாத் தெரியலன்னு ஒளிக்காமச் சொல்லிட்டான்."