பூஜையில் வைத்த புத்தகம்

ஆற்றங்கரைக் காட்டில் செவ்வந்தி என்று ஒரு கீரி இருந்தது. அதற்கு ஒரே குட்டி, பெயர் கொழுந்து. புத்தகத்தைக் கண்டால் போதும், கொழுந்து வளைக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும்!

"பாம்புக்கே பயப்படாத பிள்ளை, புத்தகத்தைப் பார்த்து ஓடுதேடி!" என்று பக்கத்து மரத்து மைனா கேலி செய்யும்.

செவ்வந்திக்குக் கவலை வந்துவிடும். பிள்ளை படிப்பையே வெறுத்துவிடுமோ? அந்தப் பயத்தில் இன்னும் விரட்டும். "படி! என்ன புரிஞ்சுது, சொல்லு! தப்பு, மறுபடியும் படி!"

சரஸ்வதி பூஜை வந்தது. பூஜையில் அடுக்கிய புத்தகத்தை மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது, காட்டிலும் அதே வழக்கம்தான். செவ்வந்தி புத்தகங்களைத் தூசி தட்டிக்கொண்டே ஒன்றைச் சும்மா புரட்டியது. கல்யாண வீட்டுப் பாயச அண்டாவில் ஒரு தவளை விழுந்த கதை. படிக்கப் படிக்கச் செவ்வந்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

வளைக்குள்ளிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. "ஏம்மா சிரிக்கிறே?"

"இந்தத் தவளை பண்ற கூத்தைக் கேளேன்!" என்று செவ்வந்தி முதலிலிருந்து சத்தமாக வாசித்தது. கேள்வி கேட்கவே மறந்துபோனது. கொழுந்து மெல்ல வந்து மடியில் சாய்ந்துகொண்டது.

தவளை கரண்டியைப் பிடித்து ஏறத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து, "அடியே, பூஜைக்கு நேரமாச்சு!" என்று மைனா கத்தியது. புத்தகம் பூஜைப் பலகைமேல் ஏறிவிட்டது. பொட்டும் வைத்தாயிற்று.

"தவளை மேல வந்துச்சாம்மா?"

"தெரியலையே கண்ணு. நானும் அதுவரைக்கும்தான் படிச்சேன்."

"ஒரே ஒரு பக்கம்மா!"

"ஊஹூம், நாளைக்குக் காலையிலதான்."

அன்று முழுக்கக் கொழுந்து பலகையையே சுற்றிச் சுற்றி வந்தது. சுண்டல்கூட இறங்கவில்லை.

விடிந்ததும் செவ்வந்தி, "படி" என்று சொல்ல வாயெடுத்தது. குட்டியைக் காணோம்! மறுபடியும் ஒளிந்துகொண்டதா? பதறிப்போய்த் தேடியது.

கொழுந்து பலகையடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது! "அம்மா, கரண்டி வழுக்கிடுச்சு! மறுபடியும் பாயசத்துல தொபுக்கடீர்! வா, வந்து உக்காரு, மீதியை நான் படிக்கிறேன்!"

நாலைந்து எழுத்தைத் தப்பாகத்தான் படித்தது. செவ்வந்தி திருத்தவில்லை. 'அப்பாடா!' என்று பெருமூச்சு விட்டுக் குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தது.

படி படி என்று விரட்டாமல், கூட உட்கார்ந்து நாமும் ரசித்து வாசித்தால், பிள்ளைகள் தாமாகவே புத்தகத்தைக் கையில் எடுப்பார்கள்.