சுவரில் முட்டிய வண்டு

சேர்வராயன் மலையில் மழைக்காலத்து மேகம் வகுப்பறைக்குள்ளேயே வந்துவிடும். அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் குழந்தைகளுக்குக் கணினி நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்து வந்தாள் வெண்மணி. அவளிடம் கற்பிக்கக் கற்றுக்கொள்ள வந்தவர் இருதயராஜ். வயதில் மூத்தவர். கம்பெனிகளில் பல வருஷம் நிரல் எழுதியவர்.

பாடம் தரையில் நடக்கும். உள்ளங்கை அளவு ரோபோக்கள், முதுகில் அம்புக்குறிப் பொத்தான்கள். பிள்ளைகள் அழுத்திய வரிசைப்படியே அவை ஊர்ந்து போகும். வண்டு என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். வண்டை அட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

ஷெரின் இரண்டாம் வகுப்பு. யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். அவளுடைய வண்டு மட்டும் வீட்டைத் தாண்டிப் போய், மலைச்சரிவை ஒட்டிய பின்சுவரில் முட்டி நின்றது. எடுத்து வந்து மறுபடி விட்டாள். அதே இடத்தில் போய் முட்டியது.

இருதயராஜ் குனிந்தார். "இப்படிம்மா."

பொத்தான்களை அவரே அழுத்தினார். வண்டு நேராக வீட்டுக்குள் போனது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஷெரின் எழுந்துபோய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டாள். அதன்பிறகு அவள் வண்டைத் தொடவில்லை. கூப்பிட்டாலும் வரவில்லை.

சில நாள் பார்த்துவிட்டு அவர் வெண்மணியிடம் வந்தார்.

"தப்பைத் திருத்தித்தானே குடுத்தேன், டீச்சர். இந்தப் பிள்ளை ஏன் இப்படி ஒதுங்கிருச்சு?"

வெண்மணி ஷெரினிடம் போனாள்.

"கண்ணு, இன்னைக்கு சார்தான் வண்டு. எங்க போகணுமோ நீ சொல்லு."

பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "கண்ணை மூடிக்கோங்க சார். அவ சொல்றதை மட்டும் செய்ங்க."

தரையெல்லாம் மேகம் படிந்திருந்தது. அதற்குள் வண்டுகளின் விளக்குகள் நீலமாக மினுங்கின. அவர் கண்ணை மூடினார்.

"முன்னாடி," என்றது ஒரு சின்னக் குரல்.

நடந்தார்.

"இன்னும் முன்னாடி. இப்ப திரும்புங்க."

"எந்தப் பக்கம்மா?"

"சோத்தாங்கை பக்கம்."

திரும்பி நடந்தார். கால் கட்டைவிரல் பின்சுவரில் இடித்தது.

"சுவரு வந்திருச்சும்மா. தப்பாப் போயிட்டோம்."

"இல்ல சார். உக்காருங்க. காதை வைங்க."

மண்டியிட்டுச் சுவரில் காதை வைத்தார். சுவர் ஈரமாக, குளிர்ந்து இருந்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கோ ஆழத்தில், மலையின் வயிற்றுக்குள், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"கேக்குதா?"

"கேக்குதும்மா."

"வண்டு கேக்கட்டும்னுதான் அனுப்புனேன்," என்றாள் ஷெரின்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சுவரில் காது வைப்பது தெரிந்தது.

மேகம் கலைந்த பிறகு அவர் எழுந்து வந்தார்.

"வண்டு எங்க போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, டீச்சர்?"

"தெரியாது சார்," என்றாள் வெண்மணி. "அதனாலதான் அவ வண்டை நான் தொடல."