ஆவாரைக்குத் தண்ணீர் ஊற்றியது யார்?

வானத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே ஜனங்களுக்குக் கழுத்து வலித்த பஞ்ச காலம் அது. வீரசேகர மன்னரின் ராஜ்யத்தில் புல்கூடக் கருகிப் போயிற்று. ஆனால் புழுதிக்குடி என்ற ஊரைச் சுற்றி மட்டும் ஆவாரை மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது.

அதைப் பார்த்ததும் பிரதானி அனந்தப்பருக்கு மூளை வேலை செய்தது. அது வேலை செய்தால் யாருக்காவது ஆபத்து என்பது அரண்மனைக்கே தெரியும்.

"மன்னா, தண்ணீர் இல்லாமல் பூ எப்படிப் பூக்கும்? அரண்மனைக் குளத்துத் தண்ணீரைத் திருடி, எங்கோ ஒளித்துவைத்து ஊற்றுகிறார்கள். ஊரையே காலி செய்ய வேண்டும்!"

மன்னரும் தலையை ஆட்டிவிட்டார்.

புழுதிக்குடி மாடத்தி சபைக்கு ஓடிவந்து அழுதாள். "மவராசா, குடிக்கவே தண்ணி இல்ல. பூவுக்கு எவ ஊத்துவா? அது தானா பூக்குதுய்யா!"

"தானாகவாம்!" என்று சிரித்தார் அனந்தப்பர்.

அரசவைப் புலவன் கூத்தப்பன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். ஆவாரையின் சங்கதி அவனுக்குத் தெரியும். இலை சிறிசு, வெயில் உறிஞ்ச அதில் ஈரம் அதிகமில்லை. ஆடு வாய் வைக்காது. இடுப்புயரச் செடிக்கு வேரோ பாதாளம் வரை ஓடும். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதரிடம் இதையெல்லாம் சொல்லி என்ன பயன்?

அதனால் எழுந்து, "பிரதானியார் சொல்வதே சரி" என்றான். மாடத்தி திடுக்கிட்டாள்.

"ஆனால் மன்னா, திருட்டுப் பொருளைக் கைப்பற்றாமல் தண்டித்தால் பக்கத்து நாட்டார் சிரிப்பார்கள். ஆவாரை வேரைப் பிடித்துக்கொண்டே தோண்டினால், ஒளித்த இடம் அகப்பட்டுவிடும்."

"நல்ல யோசனை! வீரர்களை அனுப்புவோம்" என்றார் மன்னர்.

"வீரர்களா? மாடத்தி கம்பங்கூழ் கொடுத்து மயக்கிவிட்டால்? பிரதானியாரைத் தவிர யாரை நம்புவது?"

அனந்தப்பரால் மறுக்க முடியவில்லை. பட்டு அங்கவஸ்திரத்தை வரிந்து கட்டிக்கொண்டு கடப்பாரையோடு இறங்கினார். வேர் போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. செம்மண் முடிந்து சுக்கான்பாறை வந்தது. பிரதானியின் கை கொப்பளித்தது.

மாடத்தி கூத்தப்பனிடம் மெதுவாகக் கேட்டாள். "தண்ணி வரலேன்னா என்ன சாமி ஆகும்?"

"நீங்கள் ஒளிக்கவில்லை என்று பிரதானியே தோண்டிக் காட்டியதாக ஆகும்."

"வந்துட்டா?"

"குடத்தை எடுத்துக்கொண்டு வா!"

ஒருநாள் காலையில் குழிக்குள்ளிருந்து கூச்சல் கேட்டது. "தண்ணீர்! மன்னா, அகப்பட்டுவிட்டது! நான்தான் சொன்னேனே!"

மன்னர் வந்து எட்டிப் பார்த்தார். முழங்கால் தண்ணீரில் பிரதானி நின்றுகொண்டிருந்தார். "கூத்தப்பா, இத்தனை பாறைக்குக் கீழே ஊர்க்காரர்கள் எப்படி ஒளித்தார்கள்?"

"அவர்கள் எங்கே ஒளித்தார்கள் மன்னா? ஆண்டவன் வைத்த தண்ணீர். ஆவாரை தேடிப் போய்க் குடித்திருக்கிறது. திருடன் இந்தச் செடிதான், வேண்டுமானால் இதை நாடு கடத்துங்கள். ஆனால் போகிற இடத்திலும் பூத்துத் தொலைக்கும். அங்கேயும் பிரதானியார் தோண்ட வேண்டிவரும்!"

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இனி இந்த ஊர்மேல் யாரும் கை வைக்கக் கூடாது" என்று அங்கேயே ஆணையிட்டார். தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தப்பன் கழுத்தில் போட்டார். ஊர்ப் பெண்கள் அதற்குள் குடங்களோடு வரிசை கட்டிவிட்டார்கள்.

மன்னர் மறுபடி குழிக்குள் குனிந்தார்.

"பிரதானியாரே, மேலே வாரும். கடப்பாரையை மறக்காமல் எடுத்துவாரும். பக்கத்து ஊரிலும் ஆவாரை பூத்திருக்கிறதாம்!"